கயிறு இல்லாத கேமரா

1

மனித குலம் இதுவரை கண்டதிலேயே மிகச் சிறந்த நீரடி டிஜிட்டல் கேமராவை வடிவமைத்தவன் நான். இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன். அடக்கம் இல்லாமல் சொல்வதாக இருந்தால், 'இனிமேல் காணப்போவதிலும்' என்று சேர்த்திருப்பேன். கேமரா தற்போது பதினாறு பக்கம் இருக்கிறது. ஸ்பைரல் பைண்டிங். முன்னட்டை பிளாஸ்டிக் என்பதால் ஓரளவு நீர் புகாது.

என் பெயர் அன்சார். ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். மழையே அனுமதி கேட்டுக்கொண்டு வரும் இடம். அத்தா மொபைல் உறை விற்கிறார். கடலை நான் அவர் கடையின் உறைகள் மீது அச்சடித்துத்தான் பார்த்திருக்கிறேன். நீச்சல் தெரியாது. இதையெல்லாம் குறை என்பவர்கள் உண்டு. நான் தகுதி என்கிறேன். தண்ணீரோடு முன்பகையோ சொந்தமோ இல்லாதவன்தான் தண்ணீரைப் பற்றி நடுநிலையாக யோசிக்க முடியும்.

இந்தக் கதை பிறந்த விதத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லூரியில் ஒரு போட்டி வைத்தார்கள்: 'ஒரு தொழிலாளிக்கு உதவும் கருவியைக் கற்பனை செய்க.' வகுப்பில் முப்பத்தொரு பேர் தென்னை ஏறும் கருவியைக் கற்பனை செய்தார்கள். எல்லோரும் மேலே போகிறார்களே என்று நான் கீழே போனேன். அவ்வளவுதான் உத்வேகம். விதிகளின் கடைசி வரியை மட்டும் தாமதமாகப் படித்தேன்: 'அத்தொழிலைச் செய்பவர் ஒருவரின் கருத்து, ஒரு பக்கம், கையொப்பத்துடன்.'

அதாவது, முங்கத் தெரிந்த ஒரு மனிதரை நான் நேரில் பார்த்தாக வேண்டும். கற்பனைக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது.

2

இனி தொடக்கம். மூன்று முறை தொடங்கினேன்.

அ) 'மலைகளின் மடியில் அணைநீர் உறங்கிக்கொண்டிருந்தது.' (தண்ணீர் உறங்காது. மலைக்கு மடி கிடையாது. அடித்துவிட்டேன்.)

ஆ) 'அன்று காலையிலிருந்தே பொன்ராஜுக்கு மனசு சரியில்லை.' (அவர் மனசு எனக்கு எப்படித் தெரியும்? அன்று காலை நான் மறையூர் வளைவுகளில் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.)

இ) 'ஜன்னலோர இருக்கையில் ஆனந்தி' (ஒரு பெண் வந்தால்தான் விடுதியில் என் கதையைப் படிக்கிறார்கள். ஆனால் இந்தக் கதையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. மூன்று வரி பொறுத்துப் பார்த்தேன். பிறகு போடிமெட்டில் இறக்கிவிட்டேன். அங்கே நல்ல குளிர். ஒரு ஸ்வெட்டராவது எழுதிக் கொடுத்திருக்கலாம்.)

ஆகவே நேராகச் சொல்கிறேன். அஜய் என் அறைத்தோழன். போடிமெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். அவனுடைய தாய்மாமா பொன்ராஜ், அங்கே ஓர் அணைநீரில் சுற்றுலாப் படகு விடும் இடத்தில் முங்குபவர்.* பயணிகள் தண்ணீரில் தவறவிடுவதை எடுத்துக் கொடுப்பார். படகுத்துறையின் அடிப்பகுதியையும் வாரம் ஒருமுறை முங்கிப் பார்ப்பார். நானும் அஜயும் ஒரு வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தோம். மழைக்காக மூடியிருந்த படகுத்துறையை ஓணம் சீசனுக்காகச் சனிக்கிழமை திறக்கவிருந்தார்கள்.

* இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்குள்ள படகுக்காரர்கள் நல்ல உயரம்.

3

பொன்ராஜ் மாமாவிடம் சிலிண்டர் இல்லை, நீர்க்கண்ணாடி இல்லை. ஒரு டவுசர், ஒரு துண்டு, ஒரு மூச்சு. இருபது வருடத்தில் அவர் எடுத்தவற்றில் முதலிடம் மொபைலுக்கு, இரண்டாமிடம் ஒற்றைச் செருப்புக்கு. ஒருமுறை ஒரு பல்செட் எடுத்திருக்கிறார். கரையில் நின்ற மூன்று பேர் அதைத் தங்களுடையது என்றார்களாம்.

படகுத்துறைப் பலகையில் உட்காரவைத்து என் பதினாறு பக்கத்தையும் விளக்கினேன்.

"ஏனுங் மாமா, இது எரநூறு மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்குமுங்க."

"இங்கன பன்னெண்டு அடி."

"மீனோட மொகத்தக் கண்டுபிடிச்சு, தானாவே போட்டோ எடுக்குமுங்க."

"எடுத்து?"

அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

"தண்ணிக்குள்ள போகப் போக மொதல்ல காணாமப் போறது செவப்பு நெறமுங்க. நம்ம கேமரா அதத் திருப்பிக் கொண்டாந்துருமுங்க."

"இங்க செவப்பு மட்டுந்தான்யா இருக்கு. மழைக்கு மலை பூராம் கரைஞ்சு உள்ள வந்து கெடக்கு."

அவரே புத்தகத்தை வாங்கினார். கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பின்னட்டையையும் திருப்பிப் பார்த்தார்.

"கயிறு எங்க?"

"எந்தக் கயிறுங்க?"

"கையில மாட்டுற கயிறு. இம்புட்டு எழுதிருக்க, ஒரு கயிறு இல்ல. நா இருவது வருசமா கயிறு இல்லாத சாமானத்தத்தான்யா தேடிக்கிட்டுத் திரியிறேன். ஆமா, இது என்ன கலரு?"

"கருப்புங்க. பளபளப்பு இல்லாத கருப்பு."

"உள்ள விழுந்தா எவன் எடுக்குறது? மஞ்சளா அடி."

நான் குறிப்பேட்டில் எழுதினேன்: 'பயனாளர் தொழில்நுட்பத்தில் பின்தங்கியவர்.' பிறகு போட்டிப் படிவத்தில் உள்ள கேள்வியைக் கேட்டேன்.

"தண்ணிக்குள்ள உங்களுக்கு எவ்வளவு தூரம் கண்ணு தெரியுமுங்க?"

"கண்ண மூடிக்கிட்டுல்ல போவேன்."

"ஏனுங்க?"

"தொறந்தா கலங்கல் தெரியும். அதையே பாத்துக்கிட்டிருந்தா கை என்ன சொல்லுதுன்னு வெளங்காது."

வாசகர்களே, என் நிலையை எண்ணிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்க்கும் ஒருவருக்காக நான் இரண்டு மாதம் கேமரா வடிவமைத்திருக்கிறேன். மொட்டை அடித்த பெண்ணுக்கு முழம் முழமாகப் பூ வாங்கிப் போனவனின் நிலை இதுதான்.

4

இந்த இடத்தில் கதை என் கையை விட்டு அவர் கைக்குப் போகிறது. நான் விரும்பவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

படகுத்துறை எட்டு இரும்புக் குழாய்க் கால்கள் மீது நிற்கிறது. திங்கட்கிழமை பொன்ராஜ் மாமா முங்கிவிட்டு வந்து மேனேஜர் பின்சி மேடத்திடம் சொன்னது இவ்வளவுதான்: மூணாவது காலைத் துரு தின்றுவிட்டது; தண்ணீருக்குள் ஏணியின் நாலாவது படிக்கு நேராக ஓட்டை. "நாலு வெரலு உள்ள போகுது மேடம். கட்டவெரலு மட்டும் வெளிய நிக்கிது."

சனிக்கிழமை அந்தக் காலுக்கு மேலேதான் அறுபது பேர் நெருக்கிக்கொண்டு நின்று படம் எடுப்பார்கள்.

மேடம் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். 'புகைப்படம் அனுப்பவும்' என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு வரி: 'போன வருடம் போல் இதுவும் புரளி என்றால் ஆளை மாற்றவும்.'

போன வருடம் என்ன நடந்தது என்பதை, சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மாமாவின் மனைவி சுருளியம்மாள் அத்தை சொன்னார். கொழுந்து பறித்துவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்கோடு அப்படியே வந்திருந்தார்.

"ரெண்டாங்காலு வெடிச்சு நிக்கிதுன்னாரு தம்பி. ரெண்டு நாளு படகு ஓடல. கொச்சியிலருந்து ஆளு வந்து முங்கி எடுத்தா, சேல! பூப்போட்ட பாலியஸ்டர் சேல, கால்ல சுத்திக் கெடந்துருக்கு."

"தண்ணி குடிச்ச சேலைடி. இரும்பு மாதிரித்தான் இருந்துச்சு" என்றார் மாமா.

"கட்டிப் பாத்தீகளோ?"

படகுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. நானும் சம்பாதிக்க நினைத்தேன். எழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டி நடந்து, அஜயின் முகத்தைத் தடவினேன். "இது மூக்குங்க மேடம். ஓட்டை ரெண்டு. நாலு வெரலு போகுதுங்க. உடனே காலேஜ மூடணுமுங்க!"

நன்றாக எடுபட்டது. ஒருவர் படகிலிருந்து விழப் பார்த்தார்.

(பொன்ராஜ் மாமாவும் சிரித்தார் என்று முதலில் எழுதியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. தூக்கைத் திறந்து, ரசத்தை மோந்து பார்த்து, மூடி வைத்தார்.)

இந்தக் கட்டத்தில் ஓர் எழுத்தாளன் தன் கதாபாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். சந்தேகித்தேன். சேலையைக் கால் என்ற கை, நல்ல காலை ஓட்டை என்று சொல்லாதா? ஒருவேளை இதுவும் சேலைதானோ? அல்லது அதன் ரவிக்கையோ?

5

எனினும் ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. உலகின் மிகச் சிறந்த கேமரா நிபுணர் அங்கேயே இருந்தார். கேமராதான் இல்லை.

கிடைத்தது சுருளியம்மாள் அத்தையின் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில். வாய் அகலமான கண்ணாடி. ஊறுகாயை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, பாட்டிலைக் கழுவி, மூடிக்கு உள்ளே சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்து, அதற்குள் மொபைலை இறக்குவது என்று அஜய் முடிவு செய்தான்.

"யாரு மொபைலுடா?" என்றேன்.

"மாமாவோடது பட்டன் போனு. என்னுது டிஸ்ப்ளே போச்சு" என்றான். "நீ விஞ்ஞானி. உங்கத்தா கடையில கவரு விக்கிறவரு. யோசிச்சுப் பாரு."

யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மொபைலை எடுத்துவிட்டான். ஐந்து வினாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைத்து, மூடியைத் திருகினோம். பொன்ராஜ் மாமா பாட்டிலின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முங்கினார்.

மூன்று முறை முங்கினார். நாற்பத்தொரு படங்கள் கிடைத்தன.

முப்பத்தொன்பது படங்கள் பால் விடாத கட்டன் சாயா. மிகைப்படுத்தவில்லை. அதே நிறம், அதே தெளிவு. ஒன்றில் நுரைகூட இருந்தது. ஒரு படத்தில் மாமாவின் மூக்கு, முங்குவதற்கு முன் எடுத்தது. மிச்சம் ஒன்றில் மட்டும் சாயாவின் நடுவே கறுப்பாக ஏதோ தெரிந்தது. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தோம். கடுகு.

பின்சி மேடம் நல்லவர். அந்தக் கடுகையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அரைமணி நேரத்தில் வந்த பதிலை எனக்குக் காட்டவில்லை. பொன்ராஜ் மாமாவை மட்டும் தனியே அழைத்துப் பேசினார். தனியே என்றாலும் எல்லோருக்கும் கேட்டது.

"சேட்டா, நான் எந்து செய்யும்? நீங்க சொல்றது விஸ்வாசம்தான். ஆனா விஸ்வாசத்த அட்டாச் பண்ணி மெயில் அனுப்ப முடியில்லல்லோ. வெளி ஆள விளிச்சா ஓணம் கழிஞ்சுதான் வரும்."

"அப்ப சனிக்கெழம தொறந்துருவீகளா?"

"தொறக்கணும்."

மாமா துண்டால் தலையைத் துவட்டினார். தலை ஏற்கெனவே காய்ந்திருந்தது. "அப்ப நா அன்னைக்கு மூணாங்காலுக்கிட்டயே நிக்கிறேன் மேடம். வேலையில இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. விழுந்தா எடுக்க ஆளு வேணும்ல."

(இங்கே ஓர் உவமை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

6

மேடம் சிறிது நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகுதான் மஹஸர் என்ற சொல் வந்தது.

மஹஸர் என்பது கேரளத்தில் உண்மைக்கு வைத்திருக்கும் பெயர். ஒரு விஷயத்தை நேரில் அறிந்ததாக எழுதி, சாட்சி கையெழுத்திட்டால், அதை எந்த அலுவலகமும் சும்மா தூக்கிப் போட முடியாது. பதில் எழுதியே ஆக வேண்டும். பதில் வரும்வரை துறையைப் பூட்டி வைக்க மேடத்துக்கு அதிகாரம் உண்டு.

"சேட்டன் ஒரு சாட்சி. இன்னொண்ணு வேணும். உறவுக்காரர் ஆகாது, பட்டில்லா" என்றார், அஜயைப் பார்த்து. "எழுதுற ஆளு நான், அதனால நானும் பட்டில்லா."

படகுக்காரர்கள் ஐந்து பேருக்கும் ஒரே சமயத்தில் இன்ஜின் கோளாறு வந்தது. அவரவர் படகுக்குள் குனிந்துகொண்டார்கள். போன வருடச் சேலையை யாரும் மறக்கவில்லை.

நிமிர்ந்து நின்றது நான் ஒருவன்தான். எழுத்தாளன் தன் கதையில் வேடிக்கை பார்க்கிற இடத்தில் நின்றால் இப்படித்தான் மாட்டிக்கொள்வான்.

"ஒப்புத்தானுங்க? கொடுங்க, போடறேன்" என்றேன். பெருந்தன்மையாக இருந்தது. "மாமா சொன்னாப் போதாதுங்களா!"

மேடம் பேனாவை நீட்டினார். குறுக்கே பொன்ராஜ் மாமாவின் கை வந்தது.

"தொடாம போடாத."

"உங்களுக்காகத்தானுங் மாமா..."

"எனக்காகன்னாத்தான் சொல்றேன். போன வருசம் நா தொட்டுட்டுத் தப்பாச் சொன்னேன். நீ தொடாமயே சரியாச் சொன்னாலும் அது புரளிதான்யா."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்களே."

"ஏணில எறங்கத் தெரியும்ல?"

சுருளியம்மாள் அத்தை காலித் தூக்கை மூடிக்கொண்டே சொன்னார்: "அந்தத் தம்பி கண்ண மூடி நல்லாத்தான் தடவுறாப்ல. நாங் கண்ணால பாத்தேன்."

7

இதற்கு மேல் கதையை நகர்த்த எனக்கு விருப்பமில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனவே சில முடிவுகளைத் தயாரித்தேன். எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு அ: என் கேமரா முதல் பரிசு பெறுகிறது. ஒரு ஜப்பானிய நிறுவனம் அதைத் தயாரித்து, முதல் கேமராவைப் பொன்ராஜ் மாமாவுக்கு அனுப்புகிறது. அவர் இரண்டாவது கால், மூணாவது கால் எல்லாவற்றையும் படம் எடுக்கிறார். துறை காப்பாற்றப்படுகிறது. (இதற்கு ஏறத்தாழ ஆறு வருடம் ஆகும். சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.)

முடிவு ஆ: நான் ஏணி வரை போகிறேன். திடீரென்று காய்ச்சல். மழைக்காலம், நம்பலாம். பஸ் ஏறுகிறேன். போடிமெட்டில் பஸ் நிற்கிறது. ஸ்வெட்டர் இல்லாமல் ஆனந்தி ஏறுகிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு, 'அந்தக் கால் என்ன ஆச்சு?' என்று கேட்கிறாள்.

(கடைசியில் அவளுக்கும் கதையில் ஒரு வேலை கிடைத்துவிட்டது. அந்த வேலைதான் எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு இ: நான் இறங்குகிறேன். சேலை. இந்த முறை பட்டு.

இந்த மூன்றாவது முடிவுதான் நன்றாகச் சிரிக்க வைக்கும். கல்லூரி மலரில் இதைப் போட்டால் நான்கு நாள் பேசுவார்கள். பொன்ராஜ் மாமா கல்லூரி மலர் படிப்பதில்லை. அப்போது அவருக்கு வேலையும் இருக்காது. ஆக, எந்தத் தடையும் இல்லை. இருந்தும் இந்த முடிவை மூன்று முறை எழுதி மூன்று முறை

8

சட்டையைக் கழற்றி அஜயிடம் கொடுத்தேன். குறிப்பேட்டையும் கொடுத்தேன்.

பொன்ராஜ் மாமா என் இடது மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டினார். நைலான் கயிறு. மஞ்சள். மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார். என் பதினாறு பக்கத்தில் இல்லாத இரண்டு வசதிகளும் இப்போது என்னிடம் இருந்தன.

"இழுத்தா தூக்கிருவேன். பயப்படாத."

"பயமெல்லாம் இல்லீங்க" என்றேன். பல் தாளம் போட்டது. குளிர்தான்.

முதல் படி. இரண்டாம் படி. இடுப்பு. மார்பு. தண்ணீர் மேலே கட்டன் சாயா, உள்ளே ஐஸ். மேலே படகுக்காரர்களின் இன்ஜின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சரியாகிவிட்டிருந்தன. ஐந்து தலைகள் எட்டிப் பார்த்தன. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்கள். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. மறந்துவிட்டது.

மூச்சை இழுத்துக்கொண்டு முகத்தை உள்ளே விட்டேன்.

கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். கொள்கை. செம்பழுப்பு. எங்கும் செம்பழுப்பு. என் கையே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பழுப்பை நான் பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கை எதையோ தடவிக்கொண்டிருந்தது. எது என்று விளங்கவில்லை. துணியாக இருக்கலாம். இரும்பாக இருக்கலாம். மேலே வந்து இருமினேன். படகுக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை.

"எந்தா?" என்றார் பின்சி மேடம், பேனாவோடு.

பொன்ராஜ் மாமா கயிற்றை ஒரு முழம் கூடுதலாக விட்டார்.

மறுபடியும் உள்ளே போனேன். இந்த முறை யாரும் பார்க்காத ஆழத்துக்கு வந்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டேன்.

குழாய். வழுவழுப்பு, பாசி. கீழே இறங்க இறங்கச் சொரசொரப்பு. துரு, செதில் செதிலாக. பிறகு ஒரு விளிம்பு, பிளேடு மாதிரி. அதற்கப்பால் எதுவும் இல்லை. விரல்களை உள்ளே விட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

பிறகு கட்டைவிரல்.

அதுவும் உள்ளே போனது.

வாசகர்களே, திங்கட்கிழமை அவர் கைக்கு நாலு, வியாழக்கிழமை என் கைக்கு ஐந்து. என் கை, பேனாவையும் மொபைலையும் தவிர வேறெதையும் தூக்காத மெலிந்த கை. அதனால்தான் போயிற்று என்பது ஒரு முடிவு. மூன்று நாளில் ஓட்டை வளர்ந்திருக்கிறது என்பது இன்னொன்று. மஹஸரில் எதை எழுதச் சொல்வது என்று நீங்களே தீர்மானியுங்கள். என்னால் இப்போது எதையும் எழுத முடியாது. ஒரு கை கயிற்றில் இருக்கிறது, இன்னொன்று மூணாவது காலுக்குள் மணிக்கட்டு வரை இருக்கிறது.

கண்ணை இன்னும் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள். அடுத்த பக்கத்தில் எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.